மீனுக்கு வைத்த பரீட்சை

சாம்பாருக்கென்று வாங்கி வைத்த உருளைக்கிழங்கெல்லாம் அண்ணாச்சியின் வலது கண்மேல் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது.

வெல்டிங் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். முகமூடியை இறக்க மறந்து, கண நேரம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால் போதும். சாயங்காலம் கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தும், தண்ணீராய் ஊற்றும். ‘ஆர்க் அடிச்சிடுச்சு’ என்பார்கள். உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்மேல் வைத்துக்கொண்டு படுத்தால் மறுநாள் சரியாகிவிடும். உருளைக்கிழங்கு வைக்காமல் படுத்தாலும் மறுநாள் சரியாகிவிடும். ஆனால் பேர் வாங்குவதென்னவோ உருளைக்கிழங்குதான்.

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொண்டிருந்த காலம் அது. செல்போன் சூப்பர்வைசர் இடுப்பில் மட்டும் தொங்கும். காருக்குத் தகடு அடிக்கிற ஒரு கம்பெனியில் நான் ஹெல்பர், அண்ணாச்சி வெல்டர். எனக்குச் சொந்த ஊர் பென்னலூர். பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டது, நானும் பதிலுக்குக் கைவிட்டேன். என் அப்பாவும் நானும் ஒரே ஃபேனுக்கடியில் படுத்தால் சண்டை வரும் என்பதால் சேரப்பணஞ்சேரியில் அறை எடுத்தேன். அறையில் பாதி அண்ணாச்சியுடையது. அவர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஏதோ ஒரு கடற்கரை ஊர்க்காரர். எனக்கு மூத்தவர், கல்யாணம் ஆகாதவர். நான் எவ்வளவு கிண்டல் செய்தாலும் கோபப்பட நேரம் எடுத்துக்கொள்கிறவர். அவருக்குக் கோபம் வருவதற்குள் நான் அடுத்த கிண்டலுக்குப் போயிருப்பேன்.

இந்த முறை ஆர்க் அடித்தது மறுநாள் சரியாகவில்லை. அதற்கடுத்த நாளும் ஆகவில்லை. உறுத்தலும் இல்லை, தண்ணீரும் வரவில்லை. அதற்குப் பதிலாக அண்ணாச்சி சாப்பிடும்போது இல்லாத கொசுவை அடிக்க ஆரம்பித்தார்.

“இன்னா அண்ணாச்சி, காத்துல சிலம்பம் சுத்துற?”

“கொசுவுல. கறுப்பு கறுப்பா பறக்கு.”

“எனக்குத் தெரியாம உனக்கு மட்டும் தனியா கொசு வந்துகீதா?”

“கண்ண மூடினாலும் பொறி பறக்குல. வெல்டிங் பூத்துல நிக்க மாரியே இருக்கு.”

“அப்ப கம்பெனி வேலைய வூட்டுக்கு எடுத்தாந்துட்ட. சூப்பர்வைசராண்ட சொல்லி ஓ.டி. போடச் சொல்லு.”

அவர் சிரித்துவிட்டு இன்னொரு உருளைக்கிழங்கை நறுக்கினார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் மட்டும் சிரிக்க மாட்டார். அவரைப் பர்மனென்ட் ஆக்குவதாகக் கம்பெனியில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. வெல்டருக்குக் கண் கோளாறு என்று காதில் விழுந்தால் பூத்தில் வேறு ஆளை நிறுத்திவிடுவார்கள் என்பது அவருடைய பயம். “ஆர்க்குதான், தானா போயிரும்” என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

எங்கள் அறைக்கு மேலே மாடிப் போர்ஷனில் ஓர் அக்கா இருந்தார். பக்கத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, சென்னையில் ஏதோ ஓர் ஆய்வகத்தில் ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்டோவில் கண்ணாடித் தொட்டி ஒன்று வந்து இறங்கியது. மாடிக்குத் தூக்க எங்களைக் கூப்பிட்டார். இடப்பக்கம் நான், வலப்பக்கம் அண்ணாச்சி. படியெல்லாம் ஒழுங்காக ஏறிவிட்டு, திறந்து கிடந்த கதவில் போய் அண்ணாச்சி வலது தோளை இடித்தார். பாதித் தண்ணீர் என் லுங்கிக்கு வந்தது.

“பாத்து அண்ணா!” என்றார் அக்கா.

“கதவு நவுந்துட்டு டீச்சர்.”

“கதவு நவுந்துச்சாம்க்கா” என்றேன். “நாங்க வரோம்னு வணக்கம் வெக்க வந்துச்சு போல.”

தொட்டிக்குள் விரல்நீள மீன்கள் நான்கைந்து இருந்தன. உடம்பு முழுக்க நீலக்கோடு. கொண்டு வந்ததற்குக் காரணம் கேட்டேன். ஆய்வகத்தில் இவற்றின் வேலை முடிந்துவிட்டதாம். முடிந்தால் அழித்துவிட வேண்டும் என்பது வழக்கம். அக்காவுக்கு மனசு வரவில்லை, அனுமதி கேட்டு எடுத்து வந்துவிட்டார்.

“ரிட்டயர்டு மீனுங்களா?” என்றேன். “இன்னா வேலை பாத்துச்சுங்க?”

“குருடாச்சுங்க. அப்புறம் மறுபடி பார்வை வந்துச்சு. அதான் வேலை.”

அண்ணாச்சி தோளைத் தேய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

அக்கா சொல்லச் சொல்ல நான் தொட்டியையும் அண்ணாச்சியையும் மாறி மாறிப் பார்த்தேன். மீன்களைப் பலத்த வெளிச்சத்தில் வைப்பார்களாம். கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை என்ற படலத்தில், வெளிச்சத்தைப் பார்க்கிற செல்கள் செத்துப்போகும். மீன் குருடாகும். ஆனால் சில வாரங்களில் அந்தச் செல்கள் புதிதாக முளைத்துவிடும்.

“வெளிச்சம் பட்டுத்தான் போச்சா டீச்சர்?” என்றார் அண்ணாச்சி. “வெல்டிங் வெளிச்சம் மாரியா?”

“அந்த மாதிரின்னு வெச்சுக்குங்களேன்.”

“தானா மொளைக்கா? மருந்து கிருந்து இல்லாம?”

“தானாவே. பாக்குற செல்லுங்களுக்கு நடுவுல தூண் மாதிரி தாங்கு செல்லுங்க இருக்கும். சோறு போடுறது, குப்பை அள்ளுறது எல்லாம் அதுங்க வேலை. பாக்குற செல்லு செத்துப் போச்சுன்னா, மீனுல இந்தத் தாங்கு செல்லு சின்னக் கொழந்தையா மாறி, பெருகி, அப்புறம் பாக்குற செல்லா வளந்துடும்.”

“ஹெல்பரு ஆப்பரேட்டர் ஆவுற மாதிரி” என்றேன்.

“அதேதான்!” என்று அக்கா சந்தோஷப்பட்டார். என் வாழ்க்கையில் ஒரு டீச்சர் என்னிடம் ‘அதேதான்’ என்று சொன்னது அப்போதுதான். என்ன செய்வதென்று தெரியாமல் லுங்கியைப் பிழிந்தேன்.

அன்றிலிருந்து அண்ணாச்சி ஆளே மாறிப்போனார். உருளைக்கிழங்கு நின்றது, மீன் வந்தது. சந்தையில் மீன் தலையாகப் பொறுக்கி வாங்கி வந்து குழம்பு வைத்தார். கண்ணை மட்டும் தனியாக எடுத்து வாயில் போட்டு, நெடுநேரம் மென்று, யோசனையோடு முழுங்குவார்.

“உள்ள போயி அதுவா வழி கேட்டுகினு கண்ணுக்குப் போவுமா அண்ணாச்சி? பாத்து, வழி தப்பி கீழ எறங்கிடப் போவுது.”

“நாங்க பொறந்ததுல இருந்து மீனுதான்ல திங்கோம். ரத்தத்துல கொஞ்சமாச்சும் ஊறியிருக்கும்லா?”

ஆக, அவருக்குள் பாதி மீன்தான் என்று அவரே முடிவு செய்துவிட்டார். இருந்தாலும் மீதிப் பாதியைப் பற்றிச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். தினமும் ஷிப்ட் முடிந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு அக்காவிடம் ஒவ்வொரு மிருகமாக விசாரிக்க ஆரம்பித்தார். பெண் பார்க்கப் போனவர்கள் சொந்தபந்தம் விசாரிப்பதுபோல் இருந்தது.

“தவளைக்கு மொளைக்குமா டீச்சர்?”

“தலைப்பிரட்டையா இருக்கும்போது நல்லா மொளைக்கும். சில ஜாதித் தவளைக்கு வளந்த பிறகும் உண்டு.”

அண்ணாச்சி என்னைப் பார்த்து வெற்றியோடு தலையாட்டினார். மீனிலிருந்து கரையேறியாகிவிட்டது.

“பல்லிக்கு?”

“பல்லி மாதிரியே பாக்குறதுக்கு இருக்கும், தண்ணில இருக்கும், நியூட்டுன்னு பேரு. தவளைக்குச் சொந்தம். அதுதான் எல்லாத்துக்கும் அண்ணன். விழித்திரைய மொத்தமா எடுத்துட்டாலும் வளந்துடும். விழித்திரைக்குப் பின்னாடி கறுப்பா ஒரு படலம் இருக்கு. அந்தச் செல்லுங்க கறுப்ப விட்டுட்டு, பெருகி, புது விழித்திரையா ஆயிடும்.”

“பெயின்ட்டே தகடா மாறுது” என்றேன். “நம்ம பெயின்ட் ஷாப்ல சொன்னா அடிப்பானுங்க.”

“கோழிக்கு?” என்றார் அண்ணாச்சி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. கோழி நமக்குக் கிட்டத்து உறவு என்று அவருக்கும் தெரியும்.

“முட்டைக்குள்ள இருக்கும்போது, அதுவும் ரொம்ப ஆரம்பத்துல, வளரும். பொரிஞ்சு வெளிய வந்த குஞ்சுக்கு, தாங்கு செல்லு கொஞ்சம் பெருகப் பாக்கும். ஆனா முக்கால்வாசி பாதியில நின்னுடும்.”

“என்ன மாதிரி. பத்தாவதோட” என்றேன்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. “எலிக்கு?”

“எலிக்கு இல்லண்ணா.”

“மாட்டுக்கு? நாய்க்கு?”

“பாலூட்டி எதுக்குமே கெடையாது.”

அதற்கடுத்த கேள்வியை அவர் கேட்கவே இல்லை. படியின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கேட்காத கேள்விக்கு அக்காவே பதில் சொன்னார். “நமக்கும் தாங்கு செல்லு இருக்கு. ஆனா அடிபட்டா அது தழும்பு மட்டும்தான் போடும். பாக்குற செல்லா மாறாது.”

“நம்ம கம்பெனி பாலிசிதான்” என்றேன். “ஹெல்பர் கடைசி வரிக்கும் ஹெல்பர்.”

“ஒனக்கு எல்லாத்துலயும் வெளாட்டு, சவத்து மூதி” என்று அண்ணாச்சி எழுந்தார். எழுந்தவர் வலப்பக்கம் இருந்த கைப்பிடிச் சுவரில் இடித்துக்கொண்டார். சுவர் நகர்ந்தது என்று இந்த முறை அவர் சொல்லவில்லை.

அக்காவின் முகம் மாறியது. “எதுக்கண்ணா இதெல்லாம் கேக்குறீங்க?”

“பொது அறிவுதான்.”

“பொது அறிவுக்கு எவனாவது மீன் கண்ணத் துன்னுவானாக்கா?” என்று நான் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். கொசு, பொறி, உருளைக்கிழங்கு எல்லாம். அக்கா இடது கண்ணை மூடச் சொல்லி, முகத்துக்கு நேரே கையை நீட்டினார். அண்ணாச்சி முகத்தைக் கோழிபோல் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். சாய்த்துத்தான் பார்க்க முடிந்தது. வலது ஓரத்திலிருந்து கறுப்பாக ஒரு திரை இழுத்துக்கொண்டு வருவதாக அப்போதுதான் ஒப்புக்கொண்டார். “கொஞ்சம்தான்” என்றார்.

“அண்ணா, நான் டாக்டர் இல்ல. ஆனா இது ஆர்க் இல்ல. விழித்திரை கிழிஞ்சு சுவத்துலேர்ந்து உரியுதுன்னு நெனைக்கிறேன். மீனுக்குச் செத்துப் போச்சு, மொளைச்சுது. உங்களுக்கு இன்னும் முழுசா சாகல, உரிஞ்சிருக்கு. சீக்கிரம் ஒட்டினா பொழைக்கும். லேட் பண்ணா செத்துடும், செத்தா மொளைக்காது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“எனக்கு நல்லாத்தான் தெரியுது டீச்சர்.”

“தெரியல.”

“தெரியுதுங்கேன்லா. வேணும்னா மீனுக்கு வச்ச பரீட்சைய எனக்கும் வையுங்க. ஃபெயிலானா ஆஸ்பத்திரிக்கு வாரேன். பாஸாயிட்டா ஒருத்தரும் வாயத் தொறக்கப்புடாது.”

மீனுக்குப் பார்வை திரும்பிவிட்டதா என்று பார்க்க ஒரு பரீட்சை உண்டு. அக்கா எங்களுக்கு அதைச் செய்து காட்டியிருந்தார். மீனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, சுற்றிலும் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட காகித உருளையை வைத்துச் சுழற்ற வேண்டும். கண் தெரிகிற மீன் கோடுகளோடு சேர்ந்து சுற்றும். தெரியாத மீன் சும்மா கிடக்கும். அக்காவின் ரிட்டயர்டு மீன் ஷேர் ஆட்டோ பின்னால் ஓடுகிற ஆள்போலக் கோட்டின் பின்னால் ஓடியது.

மனிதனுக்கு இப்படியெல்லாம் வைப்பதில்லை என்று அக்கா சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி அசையவில்லை. பரீட்சை வைத்தால்தான் ஆள் நகர்வார் என்று தெரிந்ததும், “சரி, இப்பவே” என்றார் அக்கா.

அண்ணாச்சியின் தலைக்குப் பொருத்தமான உருளை வேண்டும். வீட்டுக்காரம்மா முருங்கைக் கன்றை ஆடு கடிக்காமலிருக்க, அடியும் மூடியும் இல்லாத நீல டிரம் ஒன்றைக் கன்றைச் சுற்றி நிறுத்தியிருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். உள்பக்கம் அக்கா கொடுத்த வெள்ளைச் சார்ட்டை ஒட்டி, அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கோடு கோடாக இழுத்தேன். துணி காயப்போடும் இரும்புக் கம்பியில் ஒரு கொக்கி மாட்டி, கயிறு கட்டித் தொங்கவிட்டேன். கீழே ஸ்டூல் போட்டு அண்ணாச்சி உட்கார்ந்தார். டிரம் தோள்வரை இறங்கியது. லுங்கி கட்டிய ஒரு நீல டிரம் மடியில் கைவைத்து மரியாதையாக உட்கார்ந்திருந்தது.

“அண்ணாச்சி, உள்ள காத்து வருதா?”

“சுத்துல, பேசாம.”

முதலில் நல்ல கண்ணுக்கு. வலது கண்ணைக் கையால் பொத்திக்கொள்ளச் சொன்னார் அக்கா. நான் டிரம்மைத் திருப்பினேன். “வலது” என்றது டிரம். மறுபக்கம் திருப்பினேன். “இடது.” நிறுத்தினேன். “நின்னுட்டு.” எல்லாம் சரி.

அப்போது கீழிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல். “எவன்டா என் டிரம்ம எத்துனது? ஆடு கன்ன துன்னுகினு கீது பாரு!”

“சயின்ஸும்மா!” என்று கத்தினேன்.

“சயின்ஸுக்கு உன் தலைய மாட்டு! என் டிரம்ம கொண்டா!”

அடுத்து வலது கண். அண்ணாச்சி இடது கண்ணைப் பொத்திக்கொண்டார். திருப்பினேன். “வலது.” திருப்பினேன். “இடது.” அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். ஆள் பாஸாகிக்கொண்டிருந்தார். மறுபடி திருப்பினேன். அப்போதுதான் என் காதில் விழுந்தது: கொக்கி துருப்பிடித்தது. வலப்பக்கம் திரும்பினால் ‘க்ரீ…’ என்று நீட்டி அழும். இடப்பக்கம் என்றால் ‘கிக் கிக்’ என்று விக்கும்.

எனக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. டிரம்மை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டேன். இன்னொரு கையால் பக்கத்துக் கம்பியில் தொங்கிய வேறொரு துருப்பிடித்த கொக்கியைப் பிடித்து, ‘க்ரீ…’ என்று தேய்த்தேன்.

“வலது” என்றார் அண்ணாச்சி.

‘கிக் கிக்.’

“இடது. இப்ப நல்லா வேகமாவே சுத்துத. எனக்கு என்ன, பளிச்சின்னு தெரியுது. பாருங்க டீச்சர், கோடு கோடா ஓடுது.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சொல்ல வேண்டிய கிண்டல் நாக்கு நுனிவரை வந்திருந்தது. அது அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டது.

“அண்ணாச்சி” என்றேன். “டிரம்மு நிக்குது.”



“எப்ப இருந்துல?”

“கொஞ்ச நேரமாவே.”

கீழே ஆட்டை விரட்டும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி மடியிலிருந்த கையை எடுத்து, டிரம்மின் உள்சுவரைத் தடவிப் பார்த்தார். வெளியிலிருந்து டேப்பின்மேல் விரல் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அந்த மீனு பாஸாயிட்டுல்லா?”

“ஆயிடுச்சு அண்ணாச்சி.”

“சரி. என் சட்டைய எடுத்துட்டு வா.”

அன்றைக்கே சென்னையில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்காவும் வந்தார். திரை முக்கால் கண்ணை மூடிவிட்டிருந்தது. அண்ணாச்சி எங்களிடம் சொன்ன ‘கொஞ்சம்’ அவ்வளவு. ஆபரேஷன் செய்ய வேண்டும், போன பார்வை முழுக்க வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் செய்யாவிட்டால் முழுக்கப் போகும் என்றார் டாக்டர். உரிந்த விழித்திரையைச் சுவரோடு படியவைத்து, கிழிசலைச் சுற்றி லேசரால் சின்னச் சின்னப் புள்ளியாகச் சுட்டு ஒட்டுவார்களாம்.

அதுவரை பலியாடுபோல் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி நிமிர்ந்தார். “ஸ்பாட் வெல்டிங்கா சார்?”

டாக்டர் யோசித்துவிட்டு, “அப்படித்தான் வெச்சுக்குங்க” என்றார்.

“ஸ்பாட்டுக்கு ஸ்பாட் கேப்பு ஒரே மாரி இருக்கணும் சார். எங்க லைன்ல உளிய விட்டு நெம்பிப் பாப்போம், விட்டுப் போச்சுன்னா ரிஜெக்ட்டு. ஒங்களுக்கு அந்த டெஸ்ட் உண்டா?”

“இங்க உளி டெஸ்ட் கிடையாது.”

“அப்ப சரி” என்று கையெழுத்துப் போட்டார்.

ஒட்டியது ஒட்டியபடி நிற்க, கண்ணுக்குள் வாயுக் குமிழியை அடைத்து அனுப்பினார்கள். குமிழி மேலே மிதக்கும் சாமான். அது கண்ணின் பின்சுவரை அழுத்திக்கொண்டிருக்க வேண்டுமென்றால் ஆள் முகத்தைத் தரையைப் பார்த்தபடியே வைத்திருக்க வேண்டும். உட்கார்ந்தாலும் குனிந்துதான், படுத்தாலும் குப்புறத்தான். அறையில் இது எளிதல்ல. எங்கள் கம்பெனிக்காரர்களுக்கோ எதைக் கண்டாலும் அதைப் பிடித்து நிறுத்த ஒரு ஜிக் செய்தாக வேண்டும். லைனில் இருந்த பையன்கள் வேண்டாத பஞ்சு, கம்பியெல்லாம் சேர்த்து, நெற்றிக்கும் தாடைக்கும் தாங்கு வைத்து, நடுவில் மூச்சுவிட ஓட்டை விட்டு, முகம் வைக்கும் ஸ்டாண்டு ஒன்று செய்துகொடுத்தார்கள். அண்ணாச்சியின் மூஞ்சிக்கு அளவெடுக்க வெர்னியர் காலிப்பரோடு வந்தவனை நான்தான் விரட்டினேன்.

அந்த நாட்களில் அவரிடம் பேச வேண்டுமென்றால் நான் தரையில் மல்லாந்து படுத்து, ஸ்டாண்டுக்கு அடியில் தலையை விட்டுப் பேசுவேன். சோற்றையும் அப்படித்தான் ஊட்டினேன். ரசம் மட்டும் என் மூக்கில் வந்து விழும்.

“பூத்துல யாருல நிக்கா?” என்று கேட்டார் ஒருநாள்.

புது ஆள் ஒருவனை நிறுத்திவிட்டார்கள். சொன்னேன். “உன்ன ஸ்டோர்ஸுக்குப் போடப்போறாங்கன்னு பேசிக்கிறாங்க. வேலை போவல அண்ணாச்சி.”

“பர்மனென்ட்டு?”

“அது பத்தி எவனும் வாயத் தொறக்கல.”

அவர் தரையைப் பார்த்தபடியே “ம்” என்றார். வேறெங்கும் பார்க்கவும் முடியாது.

குப்புறப் படுக்கும் காலம் முடிந்து நிமிர்ந்து உட்காரலாம் என்று சொன்ன பிறகும் குமிழி முழுதாகக் கரையவில்லை. வலது கண்ணுக்குள் தொட்டித் தண்ணீர்போல ஒன்று ஆடுவதாகச் சொன்னார். கண்ணுக்குள் எல்லாம் தலைகீழ் என்று அக்கா விளக்கினார். குமிழி மேலே நின்றாலும் பார்க்கிறவருக்குக் கீழே நிற்பதுபோல்தான் தெரியும். அது சுருங்கச் சுருங்க மேலிருந்து கீழாகப் பார்வை வெளிவரும். வெளிவருகிற இடத்தில் பார்வை இருக்குமா, வெறும் வெளுப்புதானா என்பதை வந்தால்தான் சொல்ல முடியும். அதனால் தினமும் காலையில் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அண்ணாச்சி சுவரின் மேல்மூலையைப் பார்ப்பார். நான் எதிரில் நிற்பேன்.

ஒன்றும் தெரியவில்லை என்றார் சில நாள். வெள்ளையாக இருக்கிறது என்றார் ஒருநாள். பிறகொரு காலையில், “ஏல, அசையாத” என்றார்.

நான் அசையவில்லை.

“கறுப்பா ஒண்ணு கெடக்கு. குருவிக்கூடு மாரி.”

“இன்னா அண்ணாச்சி அது?”

“ஒன் முடில. சீப்புன்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காவ தெரியுமா?”

“மூஞ்சி?”

“மூஞ்சி வரல. தண்ணிக்கு அடியில கெடக்கு.”

அரிசி டின்னை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன், மூஞ்சி தண்ணீருக்கு மேலே வரட்டும் என்று. என் வாழ்நாளில் யார் முன்னாலும் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை. அண்ணாச்சி கழுத்தை நீட்டி, நிதானமாகப் பார்த்தார்.

“மூக்கு தெரியுது. ஆனா கோணலா இருக்கு.”

ஒட்டுப்போட்ட விழித்திரையில் கோடெல்லாம் கொஞ்சம் வளைந்துதான் தெரியும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதைச் சொல்லி அவரைத் தேற்றலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அண்ணாச்சி இடது கண்ணிலிருந்த கையை எடுத்தார். நல்ல கண்ணால் ஒருமுறை என்னைப் பார்த்தார். மறுபடி பொத்திக்கொண்டு பார்த்தார். மறுபடி எடுத்தார்.

“இல்லல. ஒன் மூக்கேதான் கோணல்” என்றார். “கண்ணு சரியாத்தான் இருக்கு.”